சியோலில் தனியாளாக இருக்கிறீர்களா? சேர்ந்து சாப்பிட உள்ளூர்த் துணை தேடும் வழி

வேலை விஷயமாகவோ ஊர் சுற்றவோ சியோலுக்குத் தனியாகப் போகிறவர்கள் விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிடுகிறார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும் என்பது மட்டும் அங்கே போய் இறங்கிய பிறகுதான் உறைக்கிறது. மேசையிலேயே அடுப்பு வைத்து இறைச்சி சுடும் கடைகளில் பெரும்பாலும் இரண்டு பங்குக்குக் குறைந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். பெரிய சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் குழம்பு வகைகளும் அப்படித்தான். வாசலில் நின்று ஒரு விரலைக் காட்டினால் கடைக்கார அம்மா தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். எனக்கு இது பல கடைகளில் நடந்தது. நகரத்தின் நல்ல சாப்பாடு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்க, நாம் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கிய சோற்றுருண்டையோடு அறைக்குத் திரும்புவது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அலைந்து திரிந்து எனக்குப் பிடிபட்ட வழியை இங்கே எழுதுகிறேன். இதன் சாரம் ஒன்றுதான்: “எனக்கு நண்பர்கள் வேண்டும்” என்று கேட்டால் யாரும் வர மாட்டார்கள். “இந்தச் சாப்பாடு, இந்தக் கிழமை, இத்தனை மணி, இந்த இடம்” என்று கேட்டால் வருவார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கான தயாரிப்பு.

1. எந்தச் சாப்பாட்டுக்குத் துணை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லா வேளைக்கும் ஆள் தேடி அலுத்துப்போக வேண்டாம். கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தரும் கிம்பாப், காய்கறியோடு சோற்றைக் கலந்து சாப்பிடும் பிபிம்பாப், சூப்பில் சோறு போட்டுத் தரும் குக்பாப், கல்குக்சு நூடுல்ஸ் இவற்றைத் தனியாகவே தாராளமாகச் சாப்பிடலாம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

துணை தேவைப்படுபவை வேறு. பன்றி வயிற்றுக்கறியை மேசையில் சுடும் சம்க்யப்சல், பெரிய தட்டுக்கல்லில் காரமாகக் கிளறும் டக்கால்பி கோழி, சாசேஜும் டின் இறைச்சியும் போட்ட புதே ஜிகே, சாங்சுங்தோங் பக்கம் பேர்போன பன்றிக்கால் ஜொக்பால், சிந்தாங்தோங்கில் அடுப்போடு வரும் தொக்பொக்கி. நோரியாங்ஜின் மீன் சந்தையில் கீழே மீனை முழுசாக வாங்கி மேல்மாடிக் கடையில் சமைக்கக் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு முழு மீனை வாங்கிக்கொண்டு என்ன செய்வது?

மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிடாத நம்மவர்களுக்கு என் யோசனை டக்ஹன்மாரி. ஒரு முழுக் கோழியை வெந்நீர்க் குழம்பில் போட்டு மேசையிலேயே கொதிக்கவிட்டு, காரச் சட்னி மாதிரி ஒன்றைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு, கடைசியில் அதே குழம்பில் நூடுல்ஸ் போடுவார்கள். தோங்தேமுன் பக்கம் இதற்கென்றே ஒரு சந்து இருக்கிறது. ஒரு கோழி சுமார் 30,000 வோன் (கொரியப் பணம்). இரண்டு மூன்று பேருக்குச் சரியாக இருக்கும், அதனால் தனியாளாகப் போனால் கிடைக்காது. முதல் சந்திப்புக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் பேச்சும் தானாக வந்துவிடும்.

சைவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். காரமாக ஊறவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும். காய்கறிச் சூப் என்று வருவதிலும் நெத்திலிக் கருவாடு கொதித்த தண்ணீர் இருக்கும். குளிர்ந்த நெங்ம்யோன் நூடுல்ஸின் சாறு மாட்டிறைச்சியில் எடுத்ததாக இருக்கலாம். இன்சாதோங் பகுதியில் பௌத்தக் கோயில் உணவு கிடைக்கிறது. ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே உள்ள பல்வூ கோங்யாங் அதற்குப் பேர்பெற்றது. விலை அதிகம், முன்பதிவும் வேண்டும். ஆனால் சியோல்காரர்களிலேயே பலர் அங்கே சாப்பிட்டிருக்க மாட்டார்கள். “வாருங்கள், நானும் முதல்முறை போகிறேன்” என்று கூப்பிட நல்ல சாக்கு.

2. விசாவும் காகிதங்களும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் முன்கூட்டியே விசா வேண்டும். 90 நாளுக்குள் ஒருமுறை நுழையும் குறுகியகால விசாவுக்குக் கட்டணம் 40 டாலர் கணக்கில் உள்ளூர்ப் பணத்தில் வாங்குவார்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இருந்தால் அது தனி. பாஸ்போர்ட், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம், பயணத் திட்டம் இவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது விண்ணப்பித்துவிடுங்கள். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 90 நாள்வரை தங்கலாம். கே-எட்டா என்கிற மின்னணு அனுமதி தங்களுக்கு வேண்டுமா என்று மட்டும் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் கட்டணம் 10,000 வோன்.

விசாவோடு போகிறவர்கள் மின்னணு வருகை அட்டையையும் நிரப்பலாம். தரையிறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது போலி, உடனே வெளியே வந்துவிடுங்கள்.

துணை தேடுவதோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், இணையத்தில் புதிதாகப் பழகிய கொரியரிடம் விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்காதீர்கள். சுற்றுலா விசாவுக்கு அது தேவையே இல்லை. அழைப்புக் கடிதம் தருகிறவருக்கு அதில் பொறுப்பு உண்டு. அதனால் அந்தப் பேச்சை எடுத்ததுமே எதிராளி பயந்து விலகிவிடுவார். அதேபோல் யாராவது தானாக முன்வந்து “அழைப்புக் கடிதம் தருகிறேன், கட்டணம் அனுப்பு” என்றால் நீங்கள் விலகிவிடுங்கள்.

3. போன் விஷயத்தை ஊரிலேயே முடியுங்கள்

கொரியாவில் எல்லாரும் இருப்பது ககாவோடாக் என்ற செய்தி ஆப்பில். வாட்ஸப்பை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் நடக்காது. கிளம்புவதற்கு முன்பே, உங்கள் ஊர் எண் கையில் இருக்கும்போதே ககாவோடாக்கில் பதிவு செய்துவிடுங்கள். ஓடிபி வராமல் விமான நிலையத்தில் திண்டாட வேண்டாம். உங்கள் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றைப் போடுங்கள். தொலைபேசி மோசடி அங்கே பெரிய பிரச்சினை. வெளிநாட்டு எண், படம் இல்லாத கணக்கு இரண்டும் சேர்ந்தால் யாரும் பதில் போட மாட்டார்கள்.

அடுத்தது சிம். மலிவாகக் கிடைக்கிறது என்று டேட்டா மட்டும் உள்ள இ-சிம் வாங்கிவிடுகிறோம். கூட்டமான கடைகளின் வாசலில் ஒரு திரை இருக்கும். அதில் கொரிய எண்ணைத் தட்டினால்தான் வரிசையில் பெயர் சேரும். நண்பர் வருவதற்குள் இடம் பிடித்து வைக்கலாம் என்றால் அதற்கும் எண் வேண்டும். கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து 010-இல் தொடங்கும் கொரிய எண்ணோடு வரும் சிம்மாக வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் விமான நிலையத்திலேயே தருவார்கள்.

வழி பார்க்க நேவர் மேப். கூகுள் மேப்பை நம்பிச் சந்துகளில் கடை தேடினால் சிரமம். நேவர் மேப்பில் விலைப் பட்டியல், திறக்கும் நேரம், கடைசி ஆர்டர் நேரம் எல்லாம் இருக்கும். மொழிபெயர்ப்புக்குப் பபாகோ. அதில் ஆங்கிலத்திலிருந்து கொரியனுக்கு மாற்றும்போது மரியாதை நடைக்கு ஒரு பொத்தான் உண்டு, அதை எப்போதும் போட்டு வையுங்கள். நம் மொழியில் ‘நீ’ என்று எழுதுவதற்கும் ‘நீங்கள்’ என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயும் உண்டு. முதல் செய்தியிலேயே அது தெரிந்துவிடும்.

அந்த ஊருக்கே உரிய குழு ஆப்கள் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கொரிய எண்ணையும் அடையாளச் சரிபார்ப்பையும் கேட்கும். வந்து போகிறவர்களால் உள்ளே நுழைய முடியாது. அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

4. ஆட்களை எங்கே தேடுவது

எனக்கு மிக நன்றாகப் பலன் கொடுத்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அங்கே இருக்கும் தமிழர்கள். கொரியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுக்கும் போயிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். உங்கள் கல்லூரிச் சீனியர்கள், சொந்தக்காரப் பையன்கள் என்று விசாரித்தால் யாராவது ஒருவர் அகப்படுவார். அவரோடு மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். “உங்கள் லேபில் இருக்கும் கொரியர்கள் யாராவது வருவார்களா? எல்லாரும் சேர்ந்து டக்கால்பி சாப்பிடப் போகலாமா?” என்று கேளுங்கள். லேபில் கூட்டாகச் சாப்பிடப் போவது அங்கே சாதாரண வழக்கம். தெரிந்தவர் ஒருவர் நடுவில் இருக்கும்போது கொரியர்களின் கூச்சம் பாதியாகக் குறைந்துவிடும். மொழிச் சிக்கலும் தீரும்.

இரண்டாவது, நம்மூரில் வாழ்ந்துவிட்டுப் போன கொரியர்கள். ஹூண்டாய் தொழிற்சாலையும் அதைச் சார்ந்த நிறுவனங்களும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வந்ததிலிருந்து சென்னையில் கொரியக் குடும்பங்கள் தொடர்ந்து இருந்துவருகின்றன. அங்கே சில வருஷம் இருந்து ஊர் திரும்பியவர்களுக்கு மசால் தோசையும் அடையாறும் பெசன்ட் நகரும் நினைவில் இருக்கும். சென்னைக்காரர்களாக இருந்தால் உங்கள் அலுவலகத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் விசாரியுங்கள். சென்னையில் இயங்கும் இந்திய-கொரியக் கலாச்சார மையமான இன்கோ மையத்தில் கொரிய மொழி வகுப்பு, கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பயணத்துக்கு முன் சில நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்தால் ஆட்களும் பழக்கமாவார்கள், கொரிய எழுத்தும் கைக்கு வந்துவிடும். அந்த எழுத்தைச் சில நாளில் கற்றுவிடலாம். விலைப் பட்டியல் படிக்க அது போதும்.

மூன்றாவது, மொழிப் பரிமாற்ற ஆப்கள். ஹலோடாக், டேண்டம் இரண்டிலும் ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் கொரியர்கள் ஏராளம். இரண்டுமே அடிப்படைப் பயன்பாட்டுக்கு இலவசம். கிளம்புவதற்கு நாலைந்து வாரம் முன்பே தொடங்குங்கள். போய் இறங்கிய அன்று “இன்றைக்குச் சாப்பிடலாமா?” என்று கேட்டால் யாரும் வர மாட்டார்கள். தினமும் கொஞ்சம் பேசி, அவர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்து, உங்கள் கொரியனை அவர்கள் திருத்தக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் ஒரு பழக்கம் வந்துவிடும். நாம் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறோம் என்ற நிலையில் சந்திப்பது இரு பக்கத்துக்கும் கௌரவம்.

நான்காவது, நேரில் நடக்கும் மொழிப் பரிமாற்றக் கூட்டங்கள். ஹோங்தே, சின்சோன், இதேவோன், கங்னம் பகுதிகளில் மாலையில் நடக்கும். மீட்டப் ஆப்பில் சியோல் என்று போட்டுத் தேடுங்கள். ஆப்பில் சேர இலவசம். கூட்டத்துக்கு ஒரு பானத்தின் விலையைக் கட்டணமாக வாங்குவது வழக்கம். முதல் நாளே சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டாம். இரண்டாவது முறை அதே முகங்களைப் பார்க்கும்போது, கூட்டம் முடிகிற நேரத்தில், “நான் போய்ச் சாப்பிடப்போகிறேன், இரண்டு பேராவது வேண்டும், யார் வருகிறீர்கள்?” என்று கேளுங்கள். பசி நேரம் என்பதால் பெரும்பாலும் யாராவது ஒருவர் கை தூக்குவார்.

ஐந்தாவது, சமையல் வகுப்பு. 60,000 வோனிலிருந்து 100,000 வோன்வரை ஆகும். காசு கூடத்தான். ஆனால் அன்றைக்கு ஒரு நல்ல சாப்பாடும் கூட உட்கார ஆட்களும் உறுதி. வகுப்பு நடத்துகிறவரிடம் பக்கத்தில் நல்ல கடை எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயணிகளை உள்ளூர்க்காரர்களோடு சேர்த்துவைக்கும் கவுச்சர்ஃபிங் தளத்தைப் பலரும் சொல்வார்கள். இப்போது அதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகப் புதிதாகக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

5. கேட்கும் விதம்

கொரியர்கள் விடைபெறும்போது “ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்” என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் அது அழைப்பு இல்லை. அதை நம்பிக் காத்திருந்தால் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். யாராவது அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே, “வியாழக்கிழமை எப்படி? எனக்குத் தோங்தேமுன் டக்ஹன்மாரி சாப்பிட ஆசை” என்று பிடித்துக்கொள்ளுங்கள். வர விருப்பம் இருந்தால் வேறு கிழமை சொல்வார்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நான் அனுப்பிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும். இதை உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். நான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன், அடுத்த சனிக்கிழமைவரை சியோலில் இருப்பேன். டக்ஹன்மாரி சாப்பிட ஆசை. தனியாகப் போனால் தர மாட்டார்கள் என்கிறார்கள். வியாழன் மாலை 6.30 மணிக்கு வர முடியுமா? உங்கள் நண்பர் ஒருவரையும் அழைத்துவந்தால் இன்னும் நல்லது. செலவைப் பிரித்துக்கொள்ளலாம். நான் பன்றியும் மாட்டிறைச்சியும் சாப்பிடுவதில்லை, மது அருந்துவதில்லை, மற்றபடி எதுவும் சரி.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. ஊர் திரும்பும் நாள் தெரிந்தால் எதிராளிக்கு இது நீளும் தொந்தரவு இல்லை என்று புரியும். நண்பரையும் அழைத்துவரச் சொன்னால், குறிப்பாகப் பெண்களுக்கு, பயம் குறையும். செலவைப் பற்றி முன்பே சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை. சாப்பிடாதவற்றை முன்பே சொல்லிவிட வேண்டும். மேசையில் வந்த பிறகு சொன்னால், ஆர்டர் செய்தவர் குற்றம் செய்துவிட்டது போலத் தவித்துப்போவார்.

ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு அனுப்பலாம், ஆனால் கிழமையை மாற்றி அனுப்புங்கள். ஒரே நாளுக்கு இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டால் அறிமுகம் இல்லாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது நன்றாக இருக்காது.

6. நாள், நேரம், இடம்

‘சொல்லால்’ என்கிற கொரியப் புத்தாண்டுப் பண்டிகையையும் (ஜனவரி அல்லது பிப்ரவரி) ‘சுசோக்’ என்கிற அறுவடைப் பண்டிகையையும் (செப்டம்பர் அல்லது அக்டோபர்) தவிர்க்கப் பாருங்கள். ஊரே சொந்த ஊருக்குப் போய்விடும், கடைகளும் மூடியிருக்கும். மாணவர்களை நம்பியிருந்தால் ஏப்ரல், ஜூன், அக்டோபர், டிசம்பர் மாதங்களில் தேர்வு வாரங்கள் வரும். மார்ச்சும் செப்டம்பரும் பருவம் தொடங்கும் மாதங்கள், அப்போது எல்லாரும் உற்சாகமாக இருப்பார்கள்.

கிழமையில் செவ்வாய் முதல் வியாழன்வரை நல்லது. வெள்ளி இரவு அவரவர் கூட்டம் அவரவருக்கு. மதியம் 12 முதல் 1 மணிவரை அலுவலகக் கூட்டம் நெரியும். 3 முதல் 5 மணிவரை பல கடைகள் இடைவேளை விடும். மாலை 6 அல்லது 6.30 சரியான நேரம். அதற்குப் பிறகு காபி, இரண்டாவது கடை என்று நீண்டாலும் நள்ளிரவு வாக்கில் முடியும் கடைசி ரயிலைப் பிடித்துவிடலாம். தவறவிட்டால் டாக்சிதான். அடிப்படைக் கட்டணம் 4,800 வோன். இரவு 10 மணிக்கு மேல் 20 சதவீதம், 11 மணியிலிருந்து 2 மணிவரை 40 சதவீதம் கூடும்.

சந்திக்கும் இடத்தைச் சுரங்க ரயில் நிலையத்தின் வாசல் எண்ணால் சொல்வதுதான் அங்கே வழக்கம். நிலையத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஆளுக்கொரு மூலையில் நிற்க வேண்டியிருக்கும். ஹோங்தே நிலையத்தின் 9-ஆம் வாசலைத் தவிர்த்துவிடுங்கள், மாலையில் அங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது. 3-ஆம் வாசல் பக்கம் பூங்கா இருக்கிறது, நிற்க இடமும் இருக்கும். சொன்ன நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே போய் நில்லுங்கள்.

7. செலவுக் கணக்கு

சம்க்யப்சல் ஒரு பங்கு சுமார் 20,000 வோன்வரை வரும். சோஜு என்கிற கொரிய மது ஒரு பாட்டில் கடையில் 5,000 வோன் வாக்கில். பக்க உணவுகளுக்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். டிப்ஸ் கிடையாது. நோரியாங்ஜினில் மட்டும் மீனின் விலைக்கு மேல் மேசைக்கென்று ஆளுக்கு ஒரு தொகை, சமைப்பதற்கு ஒரு தொகை என்று வாங்குவார்கள். உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு, அப்புறம் காபி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒரு மாலைக்கு 40,000 வோன், அதாவது ஏறக்குறைய 2,500 ரூபாய் ஒதுக்கி வைத்தால் தாராளம்.

பணத்தைப் பிரிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே ஒருவர் கார்டில் மொத்தமாகக் கட்டிவிட, மற்றவர்கள் ககாவோபேயிலோ வங்கி ஆப்பிலோ அனுப்பிவிடுவார்கள். கொரிய வங்கிக் கணக்கு இல்லாத உங்களால் அனுப்ப முடியாது. அதனால் 10,000, 5,000, 1,000 வோன் நோட்டுகளாகச் சில்லறை வைத்திருங்கள். கடையை விட்டு வெளியே வந்ததும் உங்கள் பங்கை இரண்டு கையாலும் கொடுத்துவிடுங்கள். 50,000 வோன் நோட்டை நீட்டினால் எதிராளி சில்லறை இல்லை என்று வேண்டாம் என்றுவிடுவார், நமக்குக் கடன் பட்ட உணர்வு தங்கிவிடும்.

வயதில் மூத்தவர் இருந்தால் முழுவதையும் அவரே கட்டப் பார்ப்பார். ஒருமுறை மறுத்துப் பாருங்கள், பிடிவாதமாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த காபிக்கடையில் எல்லாருக்கும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அது அழகான கணக்கு, அவர்களும் அப்படித்தான் செய்வார்கள். இந்தியாவிலிருந்து சின்னப் பொட்டலமாக ஏதாவது கொண்டுபோனால் நல்லது. நான் கடலை மிட்டாயும் ஃபில்டர் காபித் தூளும் கொண்டுபோனேன். காபித் தூள் வாங்கியவர்களுக்கு வடிகட்டி இல்லை என்பதால் கடலை மிட்டாயே போதும்.

8. மேசையில்

வயதைக் கேட்பார்கள். அவமதிப்பு இல்லை, யாரை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகு எடுங்கள். கரண்டியும் குச்சியும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கலாம். அவற்றை எடுத்து எல்லாருக்கும் வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் இளையவரின் வேலை, நீங்கள் செய்தால் மனம் குளிர்ந்துவிடும். அவரவர் கோப்பையை அவரவரே நிரப்பிக்கொள்வது வழக்கமில்லை. அடுத்தவருக்கு ஊற்றும்போதும் வாங்கும்போதும் இரண்டு கை. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

மது வேண்டாம் என்றால் முதல் சுற்றிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு சைடா கேளுங்கள். அங்கே சைடா என்பது எலுமிச்சைச் சுவையுள்ள சாதாரண சோடா, மது இல்லை. கோப்பையில் அதை ஊற்றி எல்லாரோடும் சேர்ந்து இடித்துக்கொண்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

9. கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

ஹோங்தே, கங்னம், மியோங்தோங் தெருக்களில் இரண்டு பேராக வந்து அன்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள். முகத்தில் நல்ல களை இருக்கிறது என்பார்கள், மாணவர் கருத்துக் கணிப்பு என்பார்கள், பாரம்பரியக் கலாச்சாரம் காட்டுகிறோம் வாருங்கள் என்பார்கள். உள்ளூர்த் துணை தேடி ஏங்கிக்கொண்டிருப்பவருக்கு இது வரம் போலத் தோன்றும். போனால் ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போய், பாரம்பரிய உடை போடச் சொல்லி, முன்னோர் சடங்கு என்று ஒன்றை நடத்தி, காணிக்கை கேட்பார்கள். பணம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் கேட்பார்கள். மொழிப் பரிமாற்றம் என்று தொடங்கி மூன்றாவது சந்திப்பில் பைபிள் வகுப்புக்கு அழைக்கிற குழுக்களும் உண்டு. தெருவில் தானாக வந்து பேசுகிறவரோடு எந்தக் கட்டடத்துக்குள்ளும் போகாதீர்கள் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் போதும்.

ஆப்பில் பழகியவர் பெயர் தெரியாத ஒரு பாருக்குத்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தால் போகாதீர்கள். கடையை நீங்கள் தேர்ந்தெடுங்கள், விலைப் பட்டியலை நேவர் மேப்பில் முன்பே பாருங்கள். சந்திக்கும் முன்பே முதலீடு, கிரிப்டோ என்று பேச்சு போனால் அந்த உரையாடலை அதோடு முடித்துவிடுங்கள். குவாங்சாங் போன்ற சந்தைகளில் தட்டின் அளவையும் விலையையும் பலகையில் பார்த்த பிறகே ஆர்டர் செய்யுங்கள்.

எங்கே, யாரோடு போகிறீர்கள் என்பதை ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். காவல்துறை 112, ஆம்புலன்ஸ் 119. சுற்றுலா உதவி எண் 1330, அது 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசும். கடையில் மொழிச் சிக்கல் வந்தாலும் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் போனைக் கடைக்காரரிடம் கொடுக்கலாம்.

10. யாருமே கிடைக்காத நாளில்

சந்தைப் பெஞ்சுக்குப் போங்கள். குவாங்சாங் சந்தையில் பச்சைப்பயறு அரைத்துச் சுடும் பிந்தேதொக் கடைகளின் முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். இடப்பக்கத்தில் இருப்பவர் சாப்பிடுவதைக் காட்டி “இதன் பெயர் என்ன?” என்று கேட்டால் பேச்சு தொடங்கிவிடும். மாவில் பன்றி சேர்க்கும் கடைகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால் சுடும் கடைக்கே மாலை 5 மணிக்கு, கூட்டம் சேரும் முன் போய், “இரண்டு பங்கு” என்று சொல்லி இரண்டு விரலைக் காட்டுங்கள். காலியாக இருக்கும் நேரத்தில் சில கடைகள் சரி என்று உட்கார வைத்துவிடும். மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லலாம்.

சேர்ந்து சாப்பிட வந்தவர்களுக்கு மறுநாள் காலையில் ககாவோடாக்கில் நன்றி சொல்லி, எடுத்த படங்களை அனுப்பிவிடுங்கள். அவர்கள் படத்தை எங்கேயாவது போடுவதாக இருந்தால் அனுமதி கேளுங்கள், முகத்தைப் பொதுவில் போடுவது பலருக்குப் பிடிக்காது. நீங்கள் சியோலில் இருக்கும் நாட்கள் இன்னும் மிச்சம் இருந்தால் அதே செய்தியிலேயே அடுத்த சாப்பாட்டின் பெயரையும் கிழமையையும் எழுதிவிடுங்கள்.